இரண்டாம் சாய்கோடு

மெழுகுத்தாளில் கோடு இழுப்பதற்கு வலிமை தேவையில்லை; ஒரே சீரான அழுத்தம் போதும். அழுத்தம் குறைந்தால் மை இறங்காது. மிகுந்தால் தாள் கிழியும். தென்காசியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்காசிரியையாக இருந்த வடிவாம்பாளுக்கு அந்த அழுத்தம் எளிதில் கைவந்தது. ஆனால் அளவுகோலும் இரும்புமுனைப் பேனாவும் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் அந்தத் தாளில் இருந்தது.

எழுபத்தேழாம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, அச்சிட்ட வருகைப் பதிவேடுகள் வந்து சேரவில்லை. தலைமையாசிரியை விஜயம், அலுவலக அறையில் புதிதாக வந்திறங்கியிருந்த சைக்ளோஸ்டைல் எந்திரத்தைக் காட்டினார்.

"நமக்கு வேண்டியதை நாமே அடிச்சுக்கலாம், வடிவு. கோடெல்லாம் நீங்க போட்டுக் கொடுங்கோ. மத்தவா போட்டா அது கோடாட்டம் இருக்காது."

வடிவாம்பாள் மகிழ்ச்சியை வெளியே காட்டாமல் ஸ்டென்சில் மெழுகுத்தாளை வாங்கிக்கொண்டாள். பழைய பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் முற்பகலுக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று என இரண்டு கட்டங்கள் இருந்தன. மாதம் முழுவதையும் அவ்வாறே ஒரு தாளில் அடக்க முற்பட்டபோது கோடுகள் ஒன்றையொன்று இடித்தன. அவள் வரைந்த முதல் ஸ்டென்சில், எந்திரத்தின் உருளையில் சுற்றியதும் கோட்டுக்குக் கோடு பிய்ந்து நார்நாராகத் தொங்கியது. எழுத்தர் பால்வண்ணநாதன் அதை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்தார்.

"டீச்சர், நல்லா இடியாப்பம் பிழிஞ்சிருக்கீங்க. தேங்காப்பால் இருக்கா?"

வடிவாம்பாள் சிரிக்கவில்லை. அடுத்த ஸ்டென்சிலில் அவள் நாளுக்கு ஒரே கட்டம் வரைந்தாள். முற்பகல் வந்திருப்பவளுக்குக் கட்டத்தில் ஒரு சாய்கோடு. பிற்பகலும் இருந்தால் அதை வெட்டி எதிர்ச்சாய்வாக இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்த பெருக்கல் குறிக்கு முழுநாள் என்று பொருள். ஒற்றைக் கோடு நின்றால் அரைநாள். கட்டம் பாதியாகியும் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. தலைமையாசிரியை அதை மற்ற வகுப்புகளுக்கும் கொடுத்தார்.

குறை வேறிடத்தில் வந்தது. உதிரித் தாள்கள் தொலைந்துவிடக்கூடும் என்பதனால், முதல் பாடவேளை முடிந்ததும் அவை அலுவலகத்துக்குப் போய்விடும். பிற்பகல் மணி அடித்ததும் வகுப்பாசிரியை மாடியிலிருந்து இறங்கி வந்து, தாளை எடுத்துச் சென்று, பெயர் கூப்பிட்டு, இரண்டாம் கோட்டைப் போட வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் ஆசிரியையான வடிவாம்பாள் ஜூன் மாதம் முழுவதும் அப்படித்தான் செய்தாள். மாதக் கடைசியில் தாளைப் பார்த்தபோது அவளுக்கு மனம் ஒப்பவில்லை. காலைக் கோடுகள் சீராக நின்றன. பிற்பகல் கோடுகள் அவசரத்தில் விழுந்து, சில நீண்டும் சில சரிந்தும், சில பக்கத்துக் கட்டத்துக்குள் கால்வைத்தும் கிடந்தன. மை நிறமும் மாறியிருந்தது.

ஜூலை மாதத்தில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். காலையில் பெயர் கூப்பிடும்போதே இரண்டு கோடுகளையும் போட்டுவிட்டாள். காலையில் வந்த பெண் பிற்பகலில் எங்கே போய்விடப் போகிறாள்? அப்படிப் போக வேண்டுமானால் விடுப்புக் கடிதம் கொடுத்துத்தானே போவாள்? அப்போது ஒரு கோட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஜூலை மாதத் தாள் பத்தமடைப் பாயைப்போல் ஒரே நெசவாக அமைந்தது.

ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் இதையே அனுப்பலாம் என்றும், அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் வடிவாம்பாளே வந்து இதை விளக்க வேண்டும் என்றும் கூறிச் சென்றார். அந்தத் தாளில் பிற்பகல் என்ற ஒன்று உண்மையில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது; அவளும் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, சுரண்டைக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்கும் அனுப்ப வேண்டிய தாள்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. பால்வண்ணநாதன் கைப்பிடியைச் சுற்ற, வடிவாம்பாள் ஒவ்வொரு தாளாக எடுத்து உலர்த்தினாள். வெளியே சாரல் வலுத்து மழையாகவே விழத் தொடங்கியிருந்தது.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். இடுப்பு வேட்டி நனைந்து முழங்காலில் ஒட்டியிருந்தது. அவர் மேலிருந்து நல்லெண்ணெய் வாசம் வீசியது. குற்றாலம் பேரருவியில் குளிக்க வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தளவாய் அவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உலகம்மாளின் தகப்பனார்.

"டீச்சர், எம் மவ இன்னும் வீட்டுக்கு வரல. இங்கன ஏதும் வேல குடுத்து நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

"இல்லையே. பள்ளிக்கூடம் விட்டு ரொம்ப நேரமாச்சே."

"அவ எப்பவும் வர்ற பஸ்ஸுக்கு வரல. அடுத்ததுலயும் வரல. அவ அம்ம வாசல்ல நின்னு அழுதுக்கிட்டிருக்கா."

உள்ளறையிலிருந்து விஜயம் வந்தார். விவரத்தைக் கேட்டதும் ஒன்பதாம் வகுப்பின் தாளை எடுத்து, பெயருக்கு நேராக விரலை ஓட்டி, அன்றைய கட்டத்தில் நிறுத்தினார்.

"வந்திருக்காளே. ரெண்டு வேளையும் இருந்திருக்கா. அப்போ பள்ளிக்கூடம் விட்டப்புறம்தான் எங்கேயோ போயிருக்கணும்." வடிவாம்பாள் பக்கம் திரும்பினார். "சரிதானே, வடிவு?"

அன்று பிற்பகல் ஒன்பதாம் வகுப்புக்கு வடிவாம்பாளின் பாடம் இல்லை. உலகம்மாளைக் காலையில் மட்டுமே பார்த்தாள். 'உள்ளேன் டீச்சர்' என்று எழுந்து நின்றதையும், இரட்டைச் சடையில் ஒரு நாடா அவிழ்ந்திருந்ததைத் தான் கண்டித்ததையும் நினைவுகூர முடிந்தது. பிற்பகல் அவள் இருந்தாளா? இருந்திருக்கலாம். இருந்திருப்பாள். இதற்குமுன் ஒரு நாளும் இல்லாமல் இருந்ததில்லை.

"ஆமா," என்றாள்.

நால்வரும் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே ஓடும் பேருந்தின் நடத்துநர் நாறும்பூநாதன் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு டீக் குடித்துக்கொண்டிருந்தார். தளவாயை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சாயங்கால நடைல உம்ம மவள நான் பாக்கல அண்ணாச்சி. ஆனா மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ள ஏறுச்சு. ரெட்டச் சடை. நன்னகரம் தாண்டி, தென்னந்தோப்புப் பக்கம் நிறுத்தச் சொல்லி எறங்குச்சு. மழைல நனைஞ்சுக்கிட்டே ஓடுச்சு. உம்ம மவதான்னு நெனச்சேன்."

"மத்தியானமா?" தளவாய் தயங்கினார். "அது எங்க வீட்டுக்குக் குறுக்கு வழிதான். ஆனா மத்தியானம் அவ எதுக்கு வாரா?"

பால்வண்ணநாதன் குறுக்கிட்டார். "ஏ, என்னவே சொல்லுதீரு? மத்தியானம் அவ வகுப்புல இருந்திருக்கா. எழுதியில்லா வச்சிருக்கு. அதிகாரியே தூக்கிப் பாத்து மெச்சின தாளு. அது தப்பாது."

"நான் கண்ணால பாத்ததச் சொல்லுதேன்."

"ரெட்டச் சடை போட்ட புள்ள தென்காசில ஒண்ணுதான் இருக்கா? நீரு மழைல யாரையோ பாத்திருப்பீரு."

நாறும்பூநாதன் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "இருக்கலாம். பஸ்ஸுல நாள் பூரா புள்ளைகதான் ஏறுது, எறங்குது. பள்ளிக்கூடத்துல எழுதி வச்சிருக்குன்னா அது சரியாத்தான் இருக்கும்."

கண்ணால் கண்டவர் தாம் கண்டதைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். தளவாய் வடிவாம்பாளின் முகத்தைப் பார்த்தார். படித்தவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார். அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நன்னகரம் தாண்டித் தோப்புப் பக்கம் இறங்கிய பெண் உலகம்மாளேதான். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தின் எழுவாய் முதல் பயனிலை வரை அவள் மனத்தில் அமைந்தும் விட்டது. பக்கத்தில் விஜயம் நின்றார். பால்வண்ணநாதன் நின்றார். அலுவலகத்தில் மை காயாத தாள்கள் பக்கத்து ஊர்களுக்குப் போகக் காத்திருந்தன.

அவள் குடையை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"அப்ப ஊருக்குள்ளதான் தேடணும்," என்றார் தளவாய்.

கோயில் வாசலில் தேடினார்கள். சினிமாக் கொட்டகை வாசலில் கேட்டார்கள். வளையல் கடையிலும், புத்தகக் கடையிலும், ரயில்வே கேட்டருகிலும் கேட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் தளவாய் ஒரே கேள்வியைக் கேட்டார்: "பள்ளிக்கூடம் விட்ட பொறவு, நீலப் பாவாடை, ரெட்டச் சடை, ஒரு புள்ளயப் பாத்தீகளா?" பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்று அவர் சொல்லும்போதெல்லாம் வடிவாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் போட்ட கோட்டை அவர் ஊரெங்கும் சுமந்து திரிந்தார்.

கால் வலிக்கிறது என்று விஜயம் பள்ளிக்குத் திரும்பினார். மற்றவர்கள் யானைப் பாலத்துக்கு வந்தார்கள். சிற்றாற்றில் செந்நீர் கரையை ஒட்டிப் புரண்டது. பாலத்தடியில் கடை வைத்திருந்தவர், பள்ளிக்கூடப் பெண்கள் மாலையில் வெள்ளம் பார்க்கக் கரையில் இறங்குவது வழக்கம் என்றார். இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரை நாணலில் நீலமாக ஏதோ சிக்கி, தண்ணீரின் இழுப்புக்கு ஏற்ப எழுந்து அமிழ்ந்தது.

தளவாய் அதைப் பார்த்துவிட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார்.

"ஏ அண்ணாச்சி, வேண்டாம்! இழுத்துக்கிட்டுப் போயிரும்!" என்று பால்வண்ணநாதன் கத்தினார். அது அவர் காதில் ஏறவில்லை. தண்ணீர் அவர் தொடையைத் தொட்டது.

"இறங்காதீங்க!" என்றாள் வடிவாம்பாள். "அது உலகம்மா இல்ல. அவ ஆத்துப் பக்கமே வந்திருக்க மாட்டா. கண்டக்டர் சொன்னதுதான் சரி. மத்தியானமே போயிட்டா."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு கோட்டையும் நான் காலைலயே போட்டுட்டேன். மத்தியானம் பேர் கூப்பிடல." அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இப்பத்தான் ஞாபகம் வந்துது."

முதல் இரண்டு வாக்கியங்கள் உண்மை. மூன்றாவது வாக்கியம் பொய். பொய்யை உண்மைக்குப் பக்கத்தில் வைத்ததனால் அதற்கும் உண்மையின் சாயல் வந்துவிட்டது. தளவாய் கரையேறினார், அவளைப் பார்த்துக் கைகூப்பினார், பிறகு பேருந்து நிலையத்தை நோக்கி ஓடினார்.

நாறும்பூநாதனும் வேறு இருவரும் டார்ச் விளக்குகளுடன் அவரோடு போனார்கள். வடிவாம்பாள் போகவில்லை. பெண்பிள்ளை இந்த மழையில் அங்கே வந்து என்ன செய்வது என்று பால்வண்ணநாதன் சொன்னதை ஏற்றுக்கொண்டாள். நாணலில் சிக்கியிருந்தது யாரோ துவைக்க வந்தவர்கள் தவறவிட்ட கைலி என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. அன்று பிற்பகல் தையல் வகுப்பு. உலகம்மாள் தைக்க வேண்டிய துணியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். மதிய இடைவேளைக்குள் போய் எடுத்து வந்துவிடலாம் என்று பேருந்து ஏறியிருக்கிறாள். தோப்புக்குள் அவர்கள் வீட்டுக்குப் போகும் குறுக்கு வழியில் ஒரு வாய்க்கால் உண்டு. அதன்மேல் பாலமாக ஒரு தென்னைமரம் கிடக்கும். பாசி பிடித்த அந்த மரத்தில் கால் வழுக்கி, கீழே கற்களுக்கிடையில் விழுந்திருக்கிறாள். தொடையெலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில், கரையிலிருந்த வேரைப் பிடித்தபடி கிடந்திருக்கிறாள். அருவிக்கரையில் வேலை பார்க்கும் தாயும் தகப்பனும் கடைத்தெரு வழியாகவே வீடு திரும்புவார்கள் என்பதனால், தோப்புப் பக்கம் யாரும் வரவில்லை. டார்ச் வெளிச்சம் பட்டபோது அவளுக்குக் குரல் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அடங்கிப்போயிருந்தது.

காலில் கட்டுப் போட்டார்கள். குளிர் நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் விடாமல் அடித்தது. பள்ளியிலிருந்து ஆசிரியைகள் சேர்ந்து பார்க்கப் போனபோது, வடிவாம்பாள் தலைவலி என்று தங்கிவிட்டாள். உயிருக்கு அபாயமில்லை என்று தெரிந்த அன்றுதான் அவள் உணவருந்தினாள். ஆனால் அந்தக் கால் முன்போல் மடங்குமா என்பதை இப்போது சொல்வதற்கில்லை என்று மருத்துவர் கூறியதாகவும் சேர்த்தே கேள்விப்பட்டாள்.

தளவாய் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். வாழையிலையில் கட்டிய மங்குஸ்தான் பழங்களை ஆசிரியைகள் அறையின் மேசைமேல் வைத்தார்.

"இந்த டீச்சர் மட்டும் அப்ப ஞாபகம் வந்து சொல்லலன்னா, நான் ஆத்தோட போயிருப்பேன். எம் மவளும் விடியுததுக்குள்ள போயிருப்பா," என்று எல்லோரிடமும் சொன்னார்.

"நல்லவேளை, வடிவுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி," என்றார் விஜயம்.

அவர் போன பிறகு விஜயம் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கட்டத்தை இப்போ சுரண்ட வேண்டாம். இருக்கட்டும். நாளைக்கு யாராவது கேட்டா, பள்ளிக்கூடத்துக்குத்தான் பேச்சு வரும்."

"தப்பா இருக்கே, அம்மா."

"தப்புன்னு அதிகாரிக்குத் தெரியாதே."

மங்குஸ்தான் பழத்தை மற்றவர்கள் பிளந்து தின்றார்கள். வடிவாம்பாளின் பங்கு மேசைமேலேயே இருந்து ஓடு இறுகிப்போயிற்று.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு பிற்பகலும் மாடியிலிருந்து இறங்கினாள். தாளை எடுத்துச் சென்று, பெயர் கூப்பிட்டு, இரண்டாம் கோட்டைப் போட்டாள். தையலாசிரியை கேலி செய்தாள்: "என்ன வடிவு, கணக்கு டீச்சர்னு தெனமும் படிக்கட்ட எண்ணிப் பாக்க ஆரம்பிச்சுட்டியா?" கோடுகள் மீண்டும் கோணலாக விழுந்தன. அதனால் என்ன பயன்? அவள் இப்போது போடும் கோணல்கோடு எதுவும் அந்த வெள்ளிக்கிழமையின் கட்டத்துக்குள் போய் விழப்போவதில்லை.

ஒரு நாள் பிற்பகல் உலகம்மாளின் பெயரைக் கூப்பிட்டு, அவள் வராததைக் குறித்தபோது, முன்வரிசையில் இருந்த பிச்சம்மாள் என்ற பெண் எழுந்தாள்.

"டீச்சர், நான் ஞாயித்துக்கிழம போயி அவளப் பாத்தேன். ராத்திரி தூங்கவே மாட்டேங்காளாம். சொல்லாமக் கொள்ளாம வெளிய போனதுக்குச் சாமி குடுத்த தண்டனைன்னு அழுதுக்கிட்டே இருக்கா. வகுப்புலயே இல்லாம, தாளுல மட்டும் முழுநாளும் இருந்ததா எழுதியிருக்குல்லா? அந்தப் பொய்யும் அவ தலைலதான் வருமாம்."

"அவ ஒரு பொய்யும் எழுதலையே."

"அதத்தான் நாங்களும் சொன்னோம். கேக்க மாட்டேங்கா."

வடிவாம்பாள் பேனாவை மூடினாள். அவ்வளவு நாளும் அவள் தன் குற்றத்தைத் தன்னுடையது என்றே எண்ணி, அதைத் தனியே வைத்துக் காத்து வந்தாள். அது கைமாறிப் போய், படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணின் தலைமேல் உட்கார்ந்திருப்பது அதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் குற்றாலம் சென்றாள். அருவியில் வெள்ளம் மிகுந்து குளிப்பதைத் தடுத்திருந்தார்கள். அதனால் தளவாய் வீட்டிலேயே இருந்தார். உலகம்மாள் கயிற்றுக் கட்டிலில், கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஆசிரியையைக் கண்டதும் எழ முயன்றாள்.

"படுத்திரு," என்றாள் வடிவாம்பாள்.

"டீச்சர், நான் லெட்டர் குடுக்காமப் போயிட்டேன் டீச்சர். இனிமே போவ மாட்டேன்." மெல்லிய, கிழிந்த குரல்.

உலகம்மாளின் தாய் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். வடிவாம்பாள் உட்காரவில்லை.

"உலகம்மா, நீ மத்தியான இடைவேளைல வெளிய போனது தப்புத்தான். அதுக்கு ஒரு நாள் வகுப்புல நிக்க வச்சிருப்பேன். அவ்வளவுதான் அந்தத் தப்போட எடை. நீ அவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள கெடந்ததுக்குக் காரணம் நீ இல்ல. சாமியும் இல்ல. நான்."

தளவாய் அவசரமாகக் கையை ஆட்டினார். "என்ன டீச்சர் நீங்க! ஞாபகம் வராதது யாருக்கும் உள்ளதுதானே? வந்தவொடனே சொல்லிட்டீங்களே."

"ஞாபகம் வராம இல்ல," என்றாள் அவள். "பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் சொன்னாரே, அப்பவே எனக்குத் தெரியும். அது இவதான்னு தெரியும். நீங்க என் முகத்தைப் பாத்தீங்க. நான் வாயத் திறக்கல. நீங்க கோயில் வாசல்ல, கொட்டகைல, ரயில்வே கேட்டுல எல்லாம் கேட்டுக்கிட்டு அலைஞ்சப்பவும் கூடவே வந்தேன். பேசல."

மழைநீர் ஓட்டிலிருந்து பாத்திரத்தில் சொட்டியது.

"ஏன்?" என்றார் தளவாய்.

"என் தாள் தப்புன்னு எல்லார் முன்னாலயும் ஆயிரும்னு."

"தாளா?"

"ஆமா."

"ஒரு தாளுக்கா டீச்சர்?"

உலகம்மாளின் தாய் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "பாவி," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு உரக்கச் சொன்னாள். "பாவி! எம் புள்ள அங்கன தண்ணிக்குள்ள கெடந்து எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா. நீ கொடயப் புடிச்சுக்கிட்டு கூட நடந்தியா? பேச வாயில்லையா ஒனக்கு? பிள்ளைகளுக்குப் பேசக் கத்துக்குடுக்குதவதானே நீ?"

வடிவாம்பாள் அசையாமல் நின்று அதைக் கேட்டாள். கட்டிலிலிருந்து உலகம்மாள் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எம்மா, அப்ப சாமி என்மேல கோவமா இல்லையா?"

தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இல்ல," என்றாள் வடிவாம்பாள். பெண் அவளைப் பார்க்காமல் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா, தூங்க முயல்கிறாளா என்று வடிவாம்பாளால் அறிய முடியவில்லை.

தளவாய் எழுந்தார். "வாங்க," என்றார்.

அவர் முன்னே நடந்தார். வீட்டுக்குப் பின்புறம் தோப்புக்குள் நுழைந்து, ஈரமட்டைகளை மிதித்துக்கொண்டு, வாய்க்கால் வரை சென்றார். தென்னைமரத்தை யாரோ இழுத்து அப்பால் போட்டிருந்தார்கள். கரையில் கால் சறுக்கிய தடம் மழையில் கரைந்து வெறும் பள்ளமாகியிருந்தது. வேர் ஒன்று தண்ணீருக்குமேல் வளைந்து நின்றது.

"இந்த எடந்தான்," என்றார்.

அவள் பார்த்தாள்.

"நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க. உங்கள ஏசுததுக்கு எனக்கு வராது. நான் கை கூப்பினேன், அதத் திரும்ப வாங்கிக்கிடவும் முடியாது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டுலேருந்து பாலம் வரைக்கும் எவ்வளவு நேரம் வாயத் தொறக்காம வந்தீங்களோ, அவ்வளவு நேரம் இங்கன நில்லுங்க. நான் கூட நிக்க மாட்டேன். நிக்குதீங்களான்னு பாக்கவும் மாட்டேன். பொறவு அந்தப் பக்கமாப் போனா ரோடு. பஸ் வரும்."

அவர் திரும்பிப் போய்விட்டார்.

அவள் குடையை மடக்கிக் கரையில் சாய்த்துவிட்டு நின்றாள். சாரல் நெற்றியில் விழுந்து கழுத்தில் இறங்கியது. மரங்களுக்கு அப்பால் சாலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது அவ்வளவு தொலைவில்கூட இல்லை. தன்னை அறியாமல் "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துப் பார்த்தாள். வாய்க்காலின் இரைச்சலில் அச்சொல் மரங்களைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை.

சிறிது நேரத்தில் சாலையில் ஒரு பேருந்து வந்து நிற்கும் ஓசை கேட்டது. யாரோ இறங்கினார்கள். ஒரு பெண் சிரித்தாள். நடத்துநர் விசில் ஊதினார். அது ஒவ்வொன்றும், பக்கத்தில் நின்று கேட்பதுபோல், தெளிவாக அவளுக்குக் கேட்டது. பேருந்து புறப்பட்டுப் போயிற்று. அடுத்ததும் வந்து, நின்று, போயிற்று. தளவாய் சொன்ன நேரம் கடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அவள் இன்னும் அங்கேயே நின்றாள்.